வெளி பொருளுக்குள் பாய்கிறதா?

கேள்வியாளர் எழுதியிருப்பதன் சாரம் இது: நிறையுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை (space) இடைவிடாமல் உள்வாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வாறு பாயும் வெளியோடு நாமும் அடித்துச் செல்லப்படுவதையே ஈர்ப்பு என்கிறோம், அப்படியானால் பருப்பொருள் என்பதே வெளியில் விழுந்த ஒரு முடிச்சாகத்தான் இருக்க வேண்டும். இதில் பிழை இருந்தால் எங்கே என்றும், பிழை இல்லையென்றால் இயற்பியலாளர்கள் இதை ஏன் பொருட்படுத்துவதில்லை என்றும் கேட்கிறார். ஈர்ப்பை ஓட்டமாக எண்ணலாமா என்ற பகுதிக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். பருப்பொருளை வெளியிலிருந்து வருவிக்க முடியுமா என்ற பகுதிக்கு அவ்வளவு உறுதியான பதில் எவரிடமும் இல்லை. நான் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைப் பல ஆண்டுகளாக முதுகலை மாணவர்களுக்கு நடத்திவருபவன். ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்க முயலும் குவாண்டம் ஈர்ப்பு என் ஆய்வுத்துறை அன்று. ஆகவே இப்பதிலின் பிற்பகுதியை, அத்துறையை அக்கறையோடு வாசித்துவரும் ஒருவரின் மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இக்கருத்து எள்ளி நகையாடத்தக்கதன்று. இடையில் எதுவுமே இல்லாமல் ஒரு பொருள் தொலைவிலுள்ள இன்னொன்றை இழுக்கிறது என்பதை நியூட்டனே நம்பவில்லை. 1693-இல் இறையியலாளர் பெண்ட்லிக்கு எழுதிய மடலில் அதைப் பெரிய அபத்தம் என்றே குறிப்பிட்டார். இடைவெளியை நிரப்பும் ஏதோ ஒன்றைக் கற்பிக்கும் முயற்சிகள் அப்போதே தொடங்கிவிட்டன. எல்லாத் திசைகளிலிருந்தும் பாயும் நுண்துகள்கள் பொருள்களை ஒன்றையொன்று நோக்கித் தள்ளுகின்றன என்று 18-ஆம் நூற்றாண்டில் லெ சாஜ் விரிவாக வாதிட்டார். ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதியை அது தந்தது. ஆனால் அத்துகள்களுக்கிடையே நகரும் கோள்கள் உராய்வால் வேகமிழக்க வேண்டும், உறிஞ்சப்படும் துகள்களின் ஆற்றலால் புவி கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும் என்ற கணக்கு அதை வீழ்த்தியது. உங்கள் கருத்து அதைவிட நுட்பமானது. ஏனெனில் அதில் பாய்வது துகள் அன்று, வெளி. உராய்வுச் சிக்கல் அதற்கு நேரடியாகப் பொருந்தாது.

அதைவிட முக்கியமானது, இக்கருத்துக்கு ஒரு துல்லியமான கணித வடிவம் ஏற்கெனவே இருக்கிறது என்பதாகும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு கோள வடிவப் பொருளைச் சுற்றிய தீர்வை ஷ்வார்ட்ஸ்சைல்டு 1916-இல் வெளியிட்டார். அத்தீர்வையே பன்லவேயும் குல்ஸ்ட்ராண்டும் 1920-களின் தொடக்கத்தில் தனித்தனியே வேறொரு வடிவில் எழுதினர். அவ்வடிவத்தில் வெளி தட்டையாகவே இருக்கிறது. ஆனால் அது பொருளை நோக்கி ஓடுகிறது. எந்தத் தொலைவிலும் ஓட்டத்தின் வேகம் அங்கிருந்து விடுபடத் தேவையான வேகத்துக்குச் சமம். புவியின் பரப்பில் அது வினாடிக்கு 11.2 கிலோமீட்டர். ஓட்டம் ஒளியின் வேகத்தை எட்டும் இடமே கருந்துளையின் நிகழ்வு எல்லை. அதற்குள் ஒளிகூட நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதது போல உள்நோக்கியே செல்கிறது. ஆற்று மாதிரி என்று இதை அழைப்பது வழக்கம். மாணவர்கள் கருந்துளையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. நடுவில் குழி விழுந்த ரப்பர் விரிப்பின் படத்தை நான் வகுப்பில் பயன்படுத்துவதே இல்லை, ஏனென்றால் அந்தக் குழியில் எதுவும் உருள வேண்டுமானால் விரிப்புக்குக் கீழே இன்னொரு ஈர்ப்பு தேவைப்படுகிறது.

இம்மாதிரி எண்களிலும் சரியாகவே நிற்கிறது. புவிப் பரப்பில் அசையாமல் நிற்கும் கடிகாரம், இந்த ஓட்டத்தைப் பொறுத்தவரை வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்துச் செல்கிறது என்று கொள்ளுங்கள். 1905-ஆம் ஆண்டின் சிறப்புச் சார்பியலின்படி அவ்வேகத்தில் செல்லும் கடிகாரம் ஏறத்தாழ நூறு கோடியில் 0.7 பங்கு மெதுவாக ஓடும். அதாவது, வெகுதொலைவிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 60 மைக்ரோவினாடி பின்தங்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் இடத்தில் ஓட்டத்தின் வேகம் வினாடிக்கு 5.5 கிலோமீட்டர்தான்; அங்கே பின்னடைவு 14 மைக்ரோவினாடி. இவ்விரண்டின் வேறுபாடு 45-க்குச் சற்று மேல். செயற்கைக்கோளின் சொந்த வேகத்தால் வரும் 7 மைக்ரோவினாடியைக் கழித்தால் 38. ஜிபிஎஸ் கடிகாரங்களில் நடைமுறையில் சரிசெய்யப்படும் அளவு அதுவே. ஆகவே, ஓட்டம் என்று எண்ணியதாலேயே நீங்கள் தவறு செய்துவிடவில்லை.

தவறு அடுத்த அடியில் நிகழ்கிறது. பொருள் வெளியை விழுங்குகிறது என்று சொல்லும்போது, விழுங்குவது பொருள் இருக்கும் இடத்தில் மட்டுமே நடக்கிறது என்று கொள்கிறீர்கள். அப்படியானால் புவியைச் சூழ்ந்த எந்தக் கோளப் பரப்பின் வழியாகவும் ஒரு வினாடிக்குள் நுழையும் வெளியின் கன அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏனெனில் இடையில் அதை விழுங்க எதுவும் இல்லை. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஓட்டத்தின் வேகம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அந்த ஓட்டத்தோடு செல்லும் பொருளின் முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: அது தொலைவின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் வரும். நிலா புவியின் ஆரத்தைப்போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் 3,600-இல் ஒரு பங்காகிறது என்பது அளந்து அறிந்த உண்மை, அதாவது வினாடி வர்க்கத்துக்கு 0.0027 மீட்டர். உங்கள் விதிப்படி அது ஏறத்தாழ 78 கோடியில் ஒரு பங்காகிவிடும். நிலாவைப் புவியால் பிடித்து வைத்திருக்கவே முடியாது. முடுக்கம் சரியாக வர வேண்டுமானால் வேகம் தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைய வேண்டும். அவ்வாறானால் நிலாவின் தொலைவிலுள்ள கோளத்தின் வழியாக நுழையும் வெளி, புவிப் பரப்பின் வழியாக நுழைவதைப்போல 465 மடங்கு. மீதமுள்ளது எங்கே போயிற்று? பொருளே இல்லாத வெற்றிடத்தில், வழியிலேயே மறைந்தது என்றுதான் சொல்லியாக வேண்டும். பொருள் வெளியை உள்வாங்குகிறது என்ற தொடக்கக் கருத்து அங்கேயே பொருளிழந்துவிடுகிறது.

இதனினும் கூர்மையான சிக்கல் ஒன்று உண்டு. ஈர்ப்பு முடுக்கம் ஓட்டத்தின் வேகத்தினுடைய வர்க்கத்தைச் சார்ந்தது. எனவே வேகத்தின் திசையை அப்படியே தலைகீழாக்கினாலும் முடுக்கம் மாறாது. புவியிலிருந்து வெளி வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் மேல்நோக்கிப் பீறிடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டாலும், கையிலிருந்து விட்ட கல் கீழேதான் விழும், கடிகாரமும் அதே 60 மைக்ரோவினாடிதான் பின்தங்கும். புவிக்கு வெளியே செய்யக்கூடிய எந்தச் சோதனையும் இவ்விரு ஓட்டங்களை வேறுபடுத்திக் காட்டாது. உள்ளே பாய்கிறதா, வெளியே பீறிடுகிறதா என்பதையே சொல்ல முடியாத ஒன்றை இயற்கையில் நிகழும் ஓட்டமாக என்னால் ஏற்க இயலவில்லை. அது ஆய அமைப்பை, அதாவது இடத்தையும் காலத்தையும் எண்களால் குறிக்கும் முறையை, தேர்வு செய்த விதத்தால் வருவது. வேறோர் ஆய அமைப்பில் அதே தீர்வு எந்த ஓட்டமும் இல்லாமல் அசையாது நிற்கிறது.

இரண்டு பொருள்கள் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஈர்ப்பு வலுவற்றிருக்கும்போது முடுக்கங்கள் ஒன்றோடொன்று கூடும் என்பது நன்கு சோதிக்கப்பட்டது. ஓட்டங்கள் கூடினால் முடுக்கங்கள் அவ்வாறு கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கம் இடையில் வருவதால், இரு வேகங்களின் பெருக்கலாகிய குறுக்கு உறுப்புகள் முளைக்கின்றன. புவியின் இடத்தில் ஞாயிற்றுக்கு உரிய ஓட்டம் வினாடிக்கு 42 கிலோமீட்டர். அதையும் புவியின் ஓட்டத்தையும் வெறுமனே கூட்டினால், புவிப் பரப்பில் 9.8-ஐப் போலப் பல மடங்கு பெரிய பொய்யான முடுக்கங்கள், பகலுக்கும் இரவுக்கும் மாறிக்கொண்டே தோன்றும். எந்த ஊசல் கடிகாரமும் அப்படி ஒன்றைக் காட்டியதில்லை. ஆற்று மாதிரி தனித்த ஒரு பொருளுக்குப் பொருந்தும் அழகான தற்செயல் என்றே இதைக் கொள்ள வேண்டும். பொதுவாக, காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியின் வடிவத்தை விவரிக்க ஒவ்வொரு புள்ளியிலும் 10 எண்கள் தேவை. ஓட்டம் மூன்றைத்தான் தருகிறது.

அப்படியானால் வெளி என்பது என்ன? ஒன்றுமில்லாதது எப்படி வளையும் என்ற ஐயத்தையும் நீங்கள் எழுப்பியிருக்கிறீர்கள். வளைவு என்றவுடன் எதற்குள் வளைகிறது என்று மனம் தேடுகிறது; ஆனால் ஒரு பரப்புக்குள்ளேயே இருந்துகொண்டு நீளங்களையும் கோணங்களையும் அளந்து அதன் வளைவை அறியலாம் என்று காஸ் 1827-இலேயே நிறுவினார், அதை ரீமான் 1854-இல் எத்தனை பரிமாணத்துக்கும் விரித்தார். அளவுகோல்களும் கடிகாரங்களும் தங்களுக்குள் எவ்வாறு ஒத்துப்போகின்றன என்பதற்கு அப்பால் வளைவுக்கு வேறு பொருள் தேவையில்லை. அன்றாட ஈர்ப்பில் இதில் பெரும்பங்கு கடிகாரங்களுடையது என்பதையும் சொல்ல வேண்டும். கல் விழுவதற்குக் காரணம் கீழே காலம் சற்று மெதுவாகச் செல்வதே. வெளியின் வளைவு மெதுவாக நகரும் பொருள்களை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. ஒளிக்குத்தான் இரண்டும் சமமாகப் பங்களிக்கின்றன. ஞாயிற்றின் விளிம்பை உரசிவரும் ஒளி, காலத்தின் பங்கை மட்டும் கணக்கிட்டால் 0.87 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வளையும். இரண்டையும் சேர்த்தால் 1.75. எடிங்டன் குழுவினர் 1919 மே 29-ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது அளந்தது பின்னதற்கு ஒத்துவந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆற்று மாதிரியில் வெளி தட்டையானது, ஆனாலும் அதிலும் ஒளி 1.75 வில்வினாடியே வளைகிறது. எனவே வெளி வளைந்திருக்கிறது என்ற கூற்றும்கூட, காலவெளியை எப்படி அரிந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததே. யார் எப்படி விவரித்தாலும் மாறாமல் நிற்பது வேறொன்று: அருகருகே தடையின்றி விழும் இரு பொருள்கள் மெல்ல நெருங்குவதும் விலகுவதுமாகிய ஓதவிளைவு. ஓர் இயற்பியல் உண்மையைக் காட்டச் சொன்னால் நான் ஓட்டத்தையும் காட்டமாட்டேன், குழியையும் காட்டமாட்டேன், இதைத்தான் காட்டுவேன். காலவெளியில் பரவும் அதிர்வான ஈர்ப்பலையைத் தேடும் லைகோ கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவு செய்ததும் இதையே. 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளில் ஒன்று நீள மற்றொன்று குறுகியது. மாற்றத்தின் அளவு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை வந்து 1.7 வினாடிக்குப் பின் காமாக் கதிர்கள் வந்து சேர்ந்தன. பொருளே இல்லாத வெற்றிடத்தின் வழியே ஆற்றலைச் சுமந்து ஒளியின் வேகத்தில் செல்லும் ஒன்றை வெறும் இன்மை என்று அழைப்பது கடினம். அதற்காக, வெளி முழுவதையும் நிரப்பும் ஊடகம் என்று முன்பு கருதப்பட்ட ஈதரும் திரும்பி வந்துவிடவில்லை. ஐன்ஸ்டைன் 1920-இல் லைடனில் ஆற்றிய உரையில் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: வெளிக்கு இயற்பியல் பண்புகள் உண்டு, ஆனால் அதன் பகுதிகளை அடையாளம் வைத்துத் தொடரவோ அதற்கு இயக்கம் கற்பிக்கவோ கூடாது. உங்கள் பாயும் வெளிக்கு எதிராக நான் மேலே கணக்காகச் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இனி முடிச்சுக்கு வருவோம். பருப்பொருள் வெளியின் வளைவைத் தவிர வேறில்லை என்று கிளிஃபர்டு 1870-இல், பொதுச் சார்பியல் பிறப்பதற்கு 45 ஆண்டுகள் முன்பே, கேம்பிரிட்ஜில் வாசித்த கட்டுரையில் முன்மொழிந்தார். அணுக்கள் ஈதரில் உண்டான சுழல் வளையங்கள் என்று கெல்வின் அதற்கும் சற்று முன் எண்ணியிருந்தார். ஒளியோ ஈர்ப்பலையோ தன் சொந்த ஈர்ப்பாலேயே திரண்டு நிற்கும் உருண்டைகளை வீலர் 1955-இல் ஆராய்ந்தார். அவை நிலைத்து நிற்பதில்லை, கசிந்து கலைந்துவிடுகின்றன. இக்கனவுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஓர் உறுதியான செய்தி உண்டு: புரோட்டானின் நிறையில், அதனுள் இருக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளின் சொந்த நிறை ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான், மீதி முழுவதும் புலங்களின் ஆற்றலும் குவார்க்குகளின் இயக்கமுமே. திண்மையான சரக்கு என்று நாம் எண்ணியது பெரும்பாலும் அடைபட்ட ஆற்றல்.

ஆனால் அந்த அடைபட்ட ஆற்றல் வெளியின் முடிச்சாக இருக்க முடியுமா என்று கேட்டால், எண்கள் கடுமையாக மறுக்கின்றன. புரோட்டானின் ஆரம் 0.84 × 10⁻¹⁵ மீட்டர். அதன் நிறை முழுவதையும் நசுக்கி, வெளி உண்மையிலேயே முடிச்சுப் போடும் அளவுக்குச் சுருக்க வேண்டுமானால், ஆரம் 2.5 × 10⁻⁵⁴ மீட்டர் ஆக வேண்டும். இடைவெளி 10³⁸ மடங்குக்கும் மேல். புரோட்டான் தன்னைச் சுற்றியுள்ள வெளியை ஏறக்குறையச் சலனப்படுத்துவதே இல்லை என்பதே இதன் பொருள். புரோட்டான் அளவுள்ள முடிச்சு ஒன்று வெளியில் விழுந்திருந்தால் அதன் நிறை அத்தனை மடங்கு கூடியிருக்கும். முடிச்சுக் கொள்கையை முன்வைக்கிற எவரும் முதலில் இதற்கு விடை சொல்ல வேண்டும். மின்னூட்டம் ஏன் குறிப்பிட்ட அலகுகளில் மட்டும் வருகிறது, எலக்ட்ரானின் அரைச் சுழற்சி (spin ½ என்னும் குவாண்டம் பண்பு) எங்கிருந்து வருகிறது என்பவை அடுத்து நிற்கும். சுழற்சியைப் பொறுத்தவரை முயற்சிகள் முற்றிலும் வீணாகவில்லை: வெளியின் இணைப்பமைப்பு (அதன் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம்) போதிய சிக்கலுடையதாக இருந்தால் ஈர்ப்பிலிருந்தே அரைச் சுழற்சி எழக்கூடும் என்று ஃபிரீட்மனும் சோர்கினும் 1980-இல் காட்டினர். அது சாத்தியம் என்பதற்கான சான்றே தவிர, எலக்ட்ரான் அப்படிப்பட்டது என்பதற்கான சான்று அன்று.

வெளியே அடிப்படையானதா, அல்லது அதைவிட ஆழமான ஒன்றிலிருந்து உருவாகிறதா என்பதில்தான் இன்று உண்மையான ஐயம் இருக்கிறது. கருந்துளையின் இயல்வெப்ப ஒழுங்கின்மை (என்ட்ரோபி) அதன் கன அளவைச் சார்ந்திராமல் பரப்பைச் சார்ந்திருக்கிறது என்று 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கண்டனர். அதைத் தொடக்கமாகக் கொண்டு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையே வெப்ப இயக்கவியலிலிருந்து வருவிக்கலாம் என்று ஜேக்கப்சன் 1995-இல் காட்டினார். இதைப் படிக்கும்போது வெப்பநிலை அணுக்களின் அசைவிலிருந்து எழுவதுபோல ஈர்ப்பும் வேறெதன் கூட்டு விளைவோ என்ற எண்ணம் எழாமல் இராது. ஆனால் அந்த வேறெது என்பதற்கு நேரடிச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. வெளி மணிமணியாக இருந்தால் மிகை ஆற்றலுள்ள ஒளி சற்றே வேறு வேகத்தில் செல்லக்கூடும் என்று சிலர் எதிர்பார்த்தனர். 2009 மே 10 அன்று, 700 கோடி ஒளியாண்டுக்கு மேல் பயணித்து வந்த காமாக்கதிர் வெடிப்பொன்றில் வெவ்வேறு ஆற்றலுள்ள ஒளித்துகள்கள் ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தன; அந்த எதிர்பார்ப்பின் எளிய வடிவங்கள் அதோடு விலக்கப்பட்டன. வெற்றிடத்தின் ஆற்றலை நேரடியாக மதிப்பிட்டால், அண்டத்தின் விரிவு முடுக்கத்திலிருந்து கிடைக்கும் அளவைவிட 10¹²⁰ மடங்கு வரை மிகையாக வருவதும், வெளியின் அடிப்படை நமக்குத் தெரியாத இதே குறைபாட்டின் மறுபக்கமாக இருக்கலாம். நான் இருக்கலாம் என்று மட்டுமே எழுதுகிறேன்.

இயற்பியலாளர்கள் ஏன் பதில் எழுதுவதில்லை என்ற கேள்வி மீதமிருக்கிறது. உங்களுக்குக் கருத்தின் அழகு தெரிகிறது, அவர்கள் அதில் எண்ணைத் தேடுகிறார்கள். இதை அலட்சியமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கருத்தை மேலும் வளர்க்க விரும்பினால் இரு பொருள் கணக்கிலிருந்து தொடங்குங்கள், அடுத்துப் புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்வினாடி கூடுதலாகத் திரும்புவதை வருவிக்க முயலுங்கள். தட்டையான வெளியின் ஓட்டம் என்று எழுதினால் இரண்டாவது கணக்கு சரியாகவே வரும். முதலாவதில் சிக்கிக்கொள்வீர்கள், அந்தச் சிக்கலே உங்களை முழுமையான சமன்பாடுகளுக்கு இட்டுச்செல்லும். ஈர்ப்பின் உள்ளியல்பைப் பற்றிய அடுத்த தகவல் சிந்தனையிலிருந்து வருவதைவிடச் சோதனைக் கூடத்திலிருந்து வரும் என்பது என் கணிப்பு. தங்களுக்குள் ஈர்ப்பு மட்டுமே செயல்படும் இரு நுண்பொருள்கள் குவாண்டம் பிணைப்பு (ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்து விவரிக்க முடியாத தொடர்பு) அடைகின்றனவா என்று பார்த்தால், ஈர்ப்பே குவாண்டம் இயல்புடையதா என்று அறியலாம் என 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே முன்மொழிந்தன. அதற்கு வேண்டிய நிறை சுமார் 10⁻¹⁴ கிலோகிராம். 2021-இல் வியன்னாவில், ஏறத்தாழ 90 மில்லிகிராம் எடையுள்ள ஒரு தங்கக் குண்டு இன்னொரு குண்டை ஈர்ப்பதை அளந்துவிட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையே இன்னும் ஆயிரம் கோடி மடங்கு இடைவெளி இருக்கிறது.